இருபத்தேழாம் எண்

எங்கள் சபையில் முப்பத்தெட்டுக் குடும்பம். அதில் முப்பத்தேழு குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேராவது உண்டு. ஒரே ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் நான் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அப்படியாவது ஒரு நிமிடம் அவரை நினைத்திருப்பேனே.

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாகச் சபைச் செயலர். தேர்தல் என்று ஒன்று வைப்பார்கள், வேறு யாரும் நிற்க மாட்டார்கள், மறுபடியும் நானே. சபையில் நடப்பதெல்லாம் என் விரல் நுனியில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. என் மனைவி அதைக் கேட்டுச் சிரிப்பாள். வீட்டில் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியாத மனுஷன் என்பாள்.

அந்த ஒரு ஆளை நாங்கள் டைப்பிஸ்டம்மா என்போம். வயது எழுபத்தொன்று. எங்கள் ஞாயிறு அறிக்கை, கல்யாண அறிவிப்பு, அடக்க ஆராதனை ஒழுங்கு, கமிட்டித் தீர்மானம் எல்லாம் அவர் கையால் அடித்ததுதான். வியாழக்கிழமை மாலை நான் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், சனிக்கிழமை காலை வாங்கிக்கொள்வேன். கம்ப்யூட்டரில் அடித்தால் பத்து நிமிட வேலை என்று என் மகள் சொல்லாத நாள் கிடையாது. என் கோழிக் கிறுக்கலைப் படிக்க உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்று நான் அவள் வாயை அடைத்துவிடுவேன். டைப்பிஸ்டம்மாவுக்குத் தெரியும்.

அவர் முப்பத்தாறு வருடம் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர். கிரயப் பத்திரம், உயில், விவாகரத்து மனு என்று ஊரார் வீட்டுச் சண்டையெல்லாம் அவர் விரல் வழியாகப் போனது. சேர்ந்த புதிதில் ஒரு உயிலை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். வீடு இளைய மகனுக்கு என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாச் சொத்தும் மூத்தவனுக்கு இருக்கவே, இது எழுதியவர் கை தவறிய பிழை என்று நினைத்து மூத்த மகன் என்று திருத்தி அடித்துவிட்டார். அது பிழையே இல்லை. வக்கீல் கடைசி நேரத்தில் கவனித்திருக்காவிட்டால் இளையவன் தெருவில் நின்றிருப்பான். அன்றைக்கு வாங்கிய திட்டோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எழுத்துப்பிழையைத் தவிர எதையும் தொடுவதில்லை. கொடுத்ததை அடிப்பது, அவ்வளவுதான். எங்கள் சபைக் காகிதத்திலும் அப்படியே. ஒரு தடவை பிரசங்கியார் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நான் யோசனையில் என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டபாடு சொல்லி மாளாது.

கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. வந்த மாப்பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்றார்கள். அண்ணி ஒரு மாதிரி, அனுப்ப மனம் வரவில்லை. அந்த அம்மா தொண்ணூற்றொன்று வரை இருந்தார். "வந்த மூணு பேர்ல ரெண்டு பேர எங்கம்மா மேலோகத்துக்கு வழியனுப்பி வச்சுட்டுத்தான் போனாங்க" என்று டைப்பிஸ்டம்மா ஒரு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அது. அண்ணன் வெளிநாட்டில். கிறிஸ்துமஸ் அன்று ஒரு போன் வரும்.

குடியிருப்பது தையல்காரர் வீட்டு மாடியில், ஒரு அறையும் ஒரு சமையலறையும். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்ததிலிருந்து இடுப்பும் முழங்காலும் சொன்னபடி கேட்பதில்லை. பதினேழு படி. அவர் கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும், அதுவும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால்தான். கோயிலுக்கு வருவது நின்றுபோனது. அதனால் எங்கள் பழைய போதகர் மாதம்தோறும் முதல் சனிக்கிழமை நாலு மணிக்குத் திருவிருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போவார். டைப்பிஸ்டம்மா அன்று டைப் மிஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, அந்த மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருப்பாராம். போதகர் அப்பமும் ரசமும் கொடுத்து, ஜெபம் பண்ணி, அரைமணி நேரம் பேசிவிட்டு வருவார். ஒரு மாதம் முழுக்க அவர் காத்திருந்தது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. போதகர் அங்கே போய்வருகிறார் என்ற அளவில் எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது என்பது வேறு, ஞாபகத்தில் இருப்பது என்பது வேறு.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது போதகருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவசர மாற்றல், நாலே நாளில் போகவேண்டும். பிரிவுபசாரத்துக்கு ஒரு மாலை, இரண்டு பேச்சு, ஒரு கைக்கடிகாரம், நிறையக் கண்ணீர். அவர் சாவிக்கொத்து, பதிவேடுகள், திருவிருந்துப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் எண்ணி என்னிடம் ஒப்படைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டேன். டைப்பிஸ்டம்மாவை அவரும் ஒப்படைக்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

புதுப் போதகர் வரும்வரைக்கும் பக்கத்துச் சபைப் போதகர் எங்களுக்குப் பொறுப்பு. பாவம், அவருக்கு ஏற்கெனவே மூன்று சபை. ஞாயிறு மதியம் மூச்சிரைக்க வருவார், ஆராதனையை முடிப்பார், வண்டியைத் திருப்புவார். லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையை நாங்களே ஒப்பேற்றினோம். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு ஜெபக் கூட்டம் வைத்தோம். மூன்றாவது வெள்ளி தையல்காரர் வீட்டில். நாங்கள் நாற்பது பேர் கீழே உட்கார்ந்து பாடினோம். ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் எல்லோரும் தடுமாற, மாடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் மட்டும் தப்பில்லாமல் வந்தது. எங்கள் கமிட்டி அங்கத்தினர் ஒருவர் மேலே பார்த்து, "டைப்பிஸ்டம்மா நம்மள காப்பாத்திட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். கூட்டம் முடிந்து காபி குடித்தோம். ஒருத்தரும் அந்தப் பதினேழு படி ஏறவில்லை.

அந்த மாதத்து முதல் சனிக்கிழமை வந்து போயிற்று. வெள்ளைத் துணி விரித்தது விரித்தபடி இருந்தது என்று பிறகு தையல்காரர் மனைவி சொன்னார். அடுத்த வியாழன் நான் காகிதத்தோடு போனபோது டைப்பிஸ்டம்மா, புதுப் போதகர் எப்போது வருகிறார் என்று கேட்டார். அனேகமாக ஈஸ்டர் கழித்து என்றேன். சரி என்றார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

இப்போது பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் குழப்பம் வரும். அதைத் தீர்க்க, டைப்பிஸ்டம்மாதான் பல வருடத்துக்கு முன்பு குடும்பத்துக்கு ஒரு எண் போட்டுக் கொடுத்தார். திருவிருந்து எடுக்கிற ஞாயிறு, கோயில் வாசலில் பதிவேடு இருக்கும். அவரவர் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். ஒரு வருடத்தில் ஒரு கோடுகூட இல்லாத குடும்பத்தை அங்கத்தினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது விதி. புதுப் போதகர் வருமுன் திருத்திய பட்டியலை அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

மேலிடம் கேட்டால் எனக்குக் கை பரபரவென்று இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து பதிவேட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பெயரைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தேன். நாற்பது வருடம் கணக்குப் போட்ட கண் அது, எண்ணைக் கண்டால் மற்றது தெரியாது. ஒன்பதில் ஒரு கோடும் இல்லை, அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். பதினாலு, பெரியவர் காலமானதும் அவர் மனைவி மகன் ஊருக்குப் போய்விட்டார். முப்பத்தொன்று, வேறு சபைக்குப் போனவர்கள். இருபத்தேழிலும் கோடில்லை. யாராவது போனவர்களாக இருக்கும் என்று மேற்கொண்டு யோசிக்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். நீக்க: 9, 14, 27, 31.

வீட்டில் கொடுக்கும் திருவிருந்தைப் பழைய போதகர் தன் சட்டைப்பை டைரியில்தான் குறித்து வைப்பார். மார்ச்சில் சபைக் கணக்கு வருடம் முடிகிற சமயத்தில் தானே உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அது எனக்குத் தெரியவே தெரியாது. இந்த வருடம் ஏற்றுவதற்கு அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, பழைய பட்டியலையும் அந்தத் துண்டுச் சீட்டையும் கொண்டுபோய் டைப்பிஸ்டம்மாவிடமே கொடுத்தேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கார்பன் வைத்து நாலு காப்பி, புதிதாக வரிசை எண் போட்டு என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் எழுத்து புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கமிட்டி பாத்தாச்சா சார்?" என்று கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன்.

கமிட்டி பார்க்கவில்லை. என்னைத் தவிர ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டால் போகிறது, இதையெல்லாம் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருப்பானேன் என்று சட்டென வாயில் வந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் எவ்வளவோ சின்னப் பொய் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் போதும்.

சனிக்கிழமை காலை நாலு காப்பியும் தயாராக இருந்தன. முப்பத்துநாலு குடும்பம், ஒன்றிலிருந்து முப்பத்துநாலு வரை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நான் தாள்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிற அவசரத்தில் கமிட்டியார் கையெழுத்துப் போட்டார்கள். அவரவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். என்னையும் சேர்த்து ஆறு கையெழுத்து. ஒரு காப்பியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

யாரும் எதிர்பார்க்காமல் புதுப் போதகர் திங்கட்கிழமையே வந்து இறங்கிவிட்டார். இளைஞர், நல்ல உற்சாகம். ஈஸ்டருக்குள் ஒரு வீடு விடாமல் பார்த்துவிடவேண்டும் என்றார். பட்டியலை வைத்துக்கொண்டு நான் கூட்டிப் போனேன். புதன்கிழமை மாலை தையல்காரர் வீடு. வெட்டின துணியையெல்லாம் ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டார்கள். நாங்கள் நுழையும்போது மாடியில் டைப் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி ஆராதனை ஒழுங்கை அடிக்கக் கொடுத்திருந்தேன். போதகர் கணீரென்று தன்னை அறிமுகம் பண்ணிக்கொண்டு பேச ஆரம்பித்ததும் மேலே சத்தம் நின்றது. அடித்து முடித்துவிட்டார் போலும் என்று நான் நிம்மதிப்பட்டேன். ஜெபம் முடிந்தது. அடுத்து யார் என்று போதகர் கேட்டார். நான் பட்டியலைப் பார்த்து, அடுத்தது அடுத்த தெரு என்றேன்.

பெரிய வியாழன் போனது, பெரிய வெள்ளி போனது. ஈஸ்டர் காலை, ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது தையல்காரர் மனைவி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவே தயக்கமாக இருந்தது.

"சார், மாடியில இருக்க அம்மா ஏதாவது தப்பு பண்ணிட்டாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தப்பு என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சபையில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார். பலகையில் பெயர் இல்லை. இரண்டு மாதமாகத் திருவிருந்து கொடுக்க யாரும் போகவில்லை. புதுப் போதகர் கீழே வரை வந்து மேலே ஏறாமல் போய்விட்டார். ஏதோ ஒழுங்கு நடவடிக்கையாக இருக்கும், அந்த வயதில் அப்படி என்ன செய்தார்களோ என்று பேசிக்கொள்கிறார்களாம். புதன்கிழமை நாங்கள் கீழே இருந்தபோது டைப்பிஸ்டம்மா கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படி முனையில் நின்றிருக்கிறார். நாங்கள் தெருவில் இறங்கி நடந்த பிறகும் நின்றிருக்கிறார். தையல்காரர் மனைவிதான் மேலே ஏறி உட்கார வைத்தாராம்.

நான் பலகைக்குப் போனேன். இருபத்தேழாம் எண்ணில் வேறு யாரோ இருந்தார்கள். முப்பத்துநாலு பெயரையும் இரண்டு தடவை படித்தேன். அடியில் ஆறு கையெழுத்து. என் முகத்தில் ஈயாடவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். புதுப் போதகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிப்போய், மத்தியானமே பெட்டியோடு வந்துவிடுகிறேன், முதலில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்றார். பலகையிலிருந்த பட்டியலைக் கிழியாமல் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

டைப்பிஸ்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கென்று நல்ல புடவை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்றைக்கு என்ன அடிக்கவேண்டும் என்று கேட்டார். நான் பட்டியலை மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். எண், கோடு, போதகரின் டைரி, கமிட்டி பார்க்காதது எல்லாம். அவர் பட்டியலைப் பார்த்தபடியே கேட்டார். கமிட்டி பார்க்கவே இல்லை என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன மறு நிமிடமே வெட்கமாக இருந்தது. செய்ததெல்லாம் நான், பழி அவர் தலையில்.

"சொன்னா சேத்துருப்பீங்க சார்" என்றார். "அது எனக்குத் தெரியாதா? யாரும் சொல்லாமலே யாருக்காவது தெரியுதான்னு பாத்தேன். சனிக்கிழம நீங்க வாங்கும்போது பாப்பீங்கன்னு நெனச்சேன். சரி, கையெழுத்துப் போடுறப்ப ஆறு பேர்ல ஒருத்தராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழம பூரா படிச் சத்தம் கேக்குதான்னே உக்காந்திருந்தேன். அப்புறம் புதன்கிழம நீங்க கீழ வந்துட்டுப் போனீங்க. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெம்பு இல்ல."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிக்கவேண்டும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். போதகர் மத்தியானம் வருகிறார், இன்றைக்கே திருவிருந்து கொடுத்துவிடுவார் என்று, ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்தவன் போல அவசரமாகச் சொன்னேன்.

"இன்னிக்கு வேண்டாம் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தீர்கள் என்றேன்.

"ஆமா. ஆனா இன்னிக்கு அவர் வந்தா எனக்காக வந்த மாதிரி இருக்காது. உங்க தப்பச் சரி பண்ண வந்த மாதிரி இருக்கும். முதல் சனிக்கிழம வரட்டும், எப்பவும் போல. நான் இருப்பேன்."

நான் பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் அவர் பெயரை எழுதினேன். வழக்கமான என் கோழிக் கிறுக்கல்தான். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, அடித்து வைக்கிறேன், நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் வழக்கம்போலத் திரும்பி வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பில் கால் நுழைக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வீட்டுக்கு நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவ வர்றீங்க. ஒரு தடவயாவது கையில காகிதம் இல்லாம வாங்க."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காகிதம் இல்லாமல் அவரோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.